வயலின்காரர் பாட வந்தபோது

இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த ‘சக்தி’ குழுவின் மூன்றாவது இசைத்தட்டு 1977-இல் வந்தது. அதன் பிறகு ஜான் மெக்லாஃப்லின், வயலின்காரர் எல். ஷங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் நால்வரும் அவரவர் வழியில் போனார்கள். பிற்கால ஷங்கர் என்றால் ரசிகர்கள் பீட்டர் கேப்ரியலோடு வாசித்ததைச் சொல்வார்கள். நடுவே அவர் ஒரு ராக் குழு நடத்தியது அதிகம் பேசப்படவில்லை. குழுவின் பெயர் ‘தி எபிடெமிக்ஸ்’.

அதைப் புரிந்துகொள்ள அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணா, வயலின் பாடகரின் நிழலாகவே இருப்பதை ஏற்காதவர். அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக்கியே தீருவது என்று நின்றார். வைத்தியநாதன், சுப்பிரமணியம், ஷங்கர் என்று பிள்ளைகளையும் அந்த லட்சியத்திலேயே வளர்த்தார். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. செம்பைக்கும் செம்மங்குடிக்கும் பக்கவாத்தியம் வாசித்த ஷங்கர், 1969-இல் அமெரிக்கா போனார்.

1979-இல் அவருடைய ‘டச் மீ தேர்’ இசைத்தட்டைத் தயாரித்தவர் ஃபிராங்க் ஜாப்பா. ராக் உலகத்தின் கதவு அங்கே திறந்தது. அடுத்த ஆண்டு, கிதார் செய்யும் கென் பார்க்கரைக் கொண்டு இரட்டை வயலின் ஒன்றைச் செய்வித்தார். இரண்டு கழுத்து, பத்துத் தந்தி. டபுள் பேஸின் அடிக்குரல் முதல் வயலினின் உச்சஸ்தாயி வரை ஒரே ஆள் வாசிக்கலாம்.

இப்படியொரு வாத்தியத்தைக் கையில் வைத்திருந்தவர் 1986-இல் வந்த எபிடெமிக்ஸ் இசைத்தட்டில் என்ன செய்தார்? பாடினார்! கூடப் பாடி சிந்தசைசரும் வாசித்தவர் கரோலின். ஜாப்பா குழுவில் வளர்ந்த ஸ்டீவ் வாய் கிதார்; ‘பிராண்ட் எக்ஸ்’ குழுவின் பெர்சி ஜோன்ஸ் பேஸ் கிதார்; இன்னொரு சிந்தசைசரில் கில்பர்ட் காஃப்மன். வெளியிட்டது மியூனிக்கின் ஈ.சி.எம். மௌனத்துக்கும் மென்மைக்கும் பேர்போன அந்த நிறுவனத்திடமிருந்து இப்படியொரு பாப்-ராக் தட்டை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

அதில் எனக்கு ஒரு குறை உண்டு. தாளத்துக்கு டிரம் இயந்திரம் வைத்தார்கள். விநாயக்ராமின் கடத்தோடு கணக்குப் பேசிய கைக்கு, நூல் பிடித்தாற்போல் போகும் அந்தத் தட்டல் போதவே போதாது. ஆனால் ஷங்கர் பாடியதைத் தடுமாற்றம் என்று தள்ளிவிட மாட்டேன். வயலினுக்கு முன்பே அவர் கற்றது வாய்ப்பாட்டு. அப்பா முன்னுக்குக் கொண்டுவந்த வயலினை, பிள்ளை தன் விருப்பத்தோடு மறுபடி குரலுக்குப் பின்னே நிறுத்தினார். தானே பாடி, அந்தக் குரலுக்குத் தானே பக்கவாத்தியம் வாசிக்கும் வாய்ப்பு நம் மேடைகளில் அவருக்குக் கிடைத்திருக்காது.

அந்த அணி நிலைக்கவில்லை. ஸ்டீவ் வாய் அப்போது ராக் பாடகர் டேவிட் லீ ராத்தோடு பெரிய அரங்குகளுக்குப் போய்விட்டார். எபிடெமிக்ஸ் பெயரில் ஈ.சி.எம். வெளியிட்டது அந்த ஒன்றுதான். எண்பதுகளின் முடிவில் அதே நிறுவனத்துக்காக ஷங்கர் பதிவுசெய்த ‘நோபடி டோல்ட் மீ’யில் ஜாகிரும் விநாயக்ராமும் திரும்பி வந்தார்கள். கரோலின் தம்புரா மீட்டினார். பக்கத்தில் அமர்ந்து வயலின் வாசித்தவர் லட்சுமிநாராயணா.

(தொடரும்)