மாட்டுங்கா பழைய பிளாட்டும் நம்ம ஊர் லைன் வீடும்

மும்பை மாட்டுங்கா பக்கம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிங்ஸ் சர்க்கிளைச் சுத்தி பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையா நிக்கும். தெரு முனையில் வளைஞ்சு திரும்பும் பால்கனி, ஜன்னலுக்கு மேல புருவம் மாதிரி நீண்ட சன்ஷேடு, முகப்பில் ஸ்டைலான எழுத்தில் கட்டடத்தோட பேர். பலதும் 1930, 40-களில் கட்டினது. இந்தப் பாணிக்கு ஆர்ட் டெகோன்னு பேர். 1925-ல் பாரிஸில் நடந்த கண்காட்சியை வச்சு வந்த பேர் அது.

பார்க்க அழகுதான். ஆனா இந்த வீடுகளோட கதை பிளேக்கில் ஆரம்பிக்குது மக்களே!

1896-ல் பம்பாயில் பிளேக் பரவி ஆயிரக்கணக்கான பேர் செத்தாங்க. மில் தொழிலாளிகள் குடியிருந்த 'சால்' கட்டடங்களில் குடும்பத்துக்கு ஒரு ரூம், முன்னாடி நீள வராந்தா, கடைசியில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ். பல ரூம்களில் காத்தும் வெளிச்சமும் கிடையாது. 1898-ல் அரசாங்கம் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்டை ஆரம்பிச்சுது. நகரத்துக்கு வடக்கே தாதர், மாட்டுங்காவில் நிலம் எடுத்து, ரோடு போட்டு, மனை பிரிச்சாங்க.

டிரஸ்ட் தலைவரா இருந்த ஜே.பி. ஓர் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு கணக்கை வலியுறுத்தினார். அதுக்கு 63½ டிகிரி விதின்னு பேர். பயந்துடாதீங்க, விஷயம் சிம்பிள். எதிர்க் கட்டடம் எவ்வளவு உயரமோ, அதில் பாதியாவது நடுவுல திறந்த வெளி இருக்கணும். 40 அடி உயரம்னா 20 அடி இடைவெளி. அப்பதான் கீழ்வீட்டு ஜன்னலுக்கும் வானம் தெரியும்.

அப்புறம் வந்தது கான்கிரீட். தூண் இல்லாமலே பால்கனியை வெளியே நீட்ட முடிஞ்சது. கழிவுநீர்க் குழாய் வந்ததால வீட்டுக்குள்ளேயே குளியலறை, கக்கூஸ். ஆச்சாரம் பார்த்த குடும்பங்களுக்கு அதை ஏத்துக்கறதே அன்னிக்குப் பெரிய விஷயம்! ஆபீஸ் வேலைக்குப் போன நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய அங்கே குடியேறினாங்க. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமே தொடங்குற அளவுக்கு ஊர் வளர்ந்துடுச்சு.

மரீன் டிரைவில் இருக்கிற இதே பாணிக் கட்டடங்கள் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தாச்சு. மாட்டுங்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1947 வாடகைச் சட்டம் வாடகையை 1940 அளவிலேயே நிறுத்தி வச்சது. ரிப்பேர் பண்ண ஓனருக்கு மனசு வருமா? இப்ப ஒண்ணொண்ணா இடிச்சு டவர் கட்டறாங்க.

சரி, இதை எதுக்கு மண்ணரையில் உட்கார்ந்து எழுதணும்?

நம்ம லைன் வீடுகளைப் பாருங்க. பனியன் கம்பெனி வேலைக்கு வர்றவங்களுக்கு வரிசையா ரூம், எதிர்ச் சுவர் கைக்கு எட்டற தூரம், பல வீட்டுக்கு ஒரு கக்கூஸ். பம்பாய் வேண்டாம்னு ஒதுக்கின அதே சால்தானே இது? வளைஞ்ச பால்கனி நமக்கு வேண்டாங்க. உயரத்தில் பாதி இடைவெளி, வீட்டுக்கு ஒரு கக்கூஸ். நாளைக்கு லைன் வீடு கட்டப் போறவங்க இந்த ரெண்டை மட்டும் யோசிச்சா போதும்.