ஆனந்தமைடு

நம் ஊர் ஆனந்தனுக்கும் ஆனந்திக்கும் தூரத்துச் சொந்தம் இந்தச் சொல். சமஸ்கிருத 'ஆனந்த'த்தோடு 'அமைடு' என்ற வேதியியல் பெயரை ஒட்டியது. அமைடு அம்மோனியாவிலிருந்து வந்தது. அம்மோனியாவோ எகிப்தின் அமுன் சாமி பேரால் வந்தது என்பார்கள். விசித்திரமான சம்பந்தம்தான்!

1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் குழு கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தது. அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி மூளையில் இருப்பது 1988இல் தெரியவந்தது. ஏதோ ஒரு செடிக்காகவா மூளை பூட்டுப் போட்டு வைத்திருக்கும்? உடம்பே செய்யும் சாவி ஒன்று இருந்தாக வேண்டும். தேடினார்கள், 1992இல் ஜெருசலேமில் பன்றி மூளையிலிருந்து கிடைத்தது. அதற்கு வைத்த பெயரே ஆனந்தமைடு.

பெயரில் கொஞ்சம் மிகை உண்டு. நரம்பணு தேவைப்படும்போது இதைத் துளியளவு செய்கிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி உடனே சிதைத்துவிடுகிறது. பசி, வலி, நினைவு எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. டி.எச்.சி. அப்படி அல்ல. வந்த விருந்தாளி மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை, நினைவாற்றல் தடுமாறுகிறது. தினமும் புகைத்தால் மூளை ஏற்பிகளையே குறைத்துக்கொள்கிறது. பிறகு அதே மயக்கத்துக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நிறுத்தினால் சில வாரங்களில் ஏற்பிகள் பெரும்பாலும் மீள்கின்றன.