நீள மூக்கு, குட்டை மூக்கு

மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டாயிற்று. கையில் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் ராஜபாளையம் வண்டிக்காக நிற்கிறீர்கள். 2004ல் அகலப்பாதை வந்தபிறகு பல வருஷம் இங்கே டீசல் எஞ்சின்தான் ராஜா. அந்த நாளில் கேமராவோடு நிற்கும் ரயில் ரசிகர் யாரிடமாவது, 'எஞ்சின் எந்தப் பக்கமா வந்தா அழகு?' என்று கேட்டிருந்தால் போச்சு. வண்டியை விட்டிருப்பீர்கள்!

பஞ்சாயத்து, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது. 1962ல் ஆல்கோ கம்பெனியிடமிருந்து டபிள்யூ.டி.எம்-2 வந்தது. 2600 குதிரைசக்தி. 1964 முதல் வாராணசியிலேயே தயாரானது. ஆல்கோ 1969ல் கடையைக் கட்டிவிட்டது. நம்மவர்கள் விடவில்லை. அதற்கப்புறமும் செய்துகொண்டே இருந்தார்கள்.

இதில் டிரைவர் அறை ஒன்றுதான். அதுவும் ஓரத்தில். அறைக்கு ஒரு பக்கம் குட்டை மூக்கு. மறுபக்கம் டீசல் எஞ்சின், ரேடியேட்டர் எல்லாம் அடங்கிய நீள மூக்கு. மொத்த நீளம் சுமார் 17 மீட்டர். நீள மூக்கு முன்னால் போனால் என்ன ஆகும்? பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஓட்டிப் பாருங்கள், தெரியும். எதிரே இரும்புச் சுவர். பக்கவாட்டு இடுக்கில் தெரிவதுதான் தண்டவாளம். வளைவில் டிரைவருக்கு மறைகிற சிக்னலை உதவி டிரைவர் பார்த்துச் சொல்லவேண்டும். இவர் திருப்பிச் சொல்லவேண்டும்.

'அதனாலென்ன? லெவல் கிராஸிங்கில் லாரி குறுக்கே வந்தால் அடி முதலில் இரும்புக்குத்தானே, டிரைவர் பிழைப்பாரே' என்பது நீள மூக்குக் கட்சி. தவிர, கரும்புகை கக்கியபடி அது முன்னால் வருகிற கம்பீரம் இருக்கிறதே! குட்டை மூக்குக் கட்சி கேட்டது ஒன்றுதான்: லாரி கண்ணில் பட்டால்தானே பிரேக் போடமுடியும்?

அந்தக் கேள்வி நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. புகைப்படம் எடுப்பவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். டிரைவர் உள்ளே இருக்கிறார்.

டபிள்யூ.டி.எம்-2விலேயே சில எஞ்சின்களுக்குக் குட்டை மூக்கை அகலமாக்கி, பெரிய கண்ணாடி வைத்தார்கள். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஜம்போ'. ஆனால் அந்தப் பக்கம்தான் பிரச்னையே கிடையாதே!

2001ல் ஜெனரல் மோட்டார்ஸின் டபிள்யூ.டி.பி-4 வந்தது. 4000 குதிரைசக்தி, கம்ப்யூட்டர் கட்டுப்பாடு, புகையும் குறைவு. அறை மட்டும் அதே ஒன்று! போகும்போது குட்டை மூக்கு முன்னால் என்றால், எஞ்சினைத் திருப்ப வசதியில்லாத ஊரிலிருந்து திரும்பி வரும்போது நீள மூக்குதான். 2010 வாக்கில்தான் இரண்டு பக்கமும் அறை வைத்த டபிள்யூ.டி.பி-4டி ஓட ஆரம்பித்தது. 4500 குதிரைசக்தி. ரசிகர்களுக்குத் திருப்தியா? 'ரெண்டு தலைப் பாம்பு மாதிரி இருக்கு' என்று அதற்கும் முணுமுணுப்பு.

இப்போது விருதுநகர் - செங்கோட்டைப் பாதையிலும் மின்கம்பி வந்துவிட்டது. மின்சார எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே இரண்டு அறை. சண்டை போட விஷயமில்லை. எந்த யார்டில் இன்னும் ஒரு கிழட்டு ஆல்கோ புகைவிட்டுக்கொண்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.