கடிகாரத்துக்கு ஜோடி தேடிய கதை

மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் போன் செய்து, "ஜூனியர் பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது எழுதிக் கொடு. அட்வைஸ் மட்டும் வேண்டாம்டா, அது ஏற்கெனவே நிறைய வந்து குவிஞ்சிருக்கு" என்றான். எனவே பயப்படாமல் படிக்கலாம். இதில் அறிவுரை கிடையாது. கைக்கடிகாரமும் செல்போனும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுக்கொண்ட சரித்திரம் மட்டும்தான். அதை நான் தேடிப் படிக்கக் காரணம் என் அப்பா.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊருக்குப் போயிருந்தபோது நான் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி, அவருடைய செல்போனோடு ஜோடி சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுவரை அவர் கட்டியிருந்தது, தினம் காலையில் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. புதுசு அவருக்குப் பிடிக்காது என்று நினைத்தேன். பிடித்துவிட்டது. ராத்திரி படுக்கப் போகுமுன் அன்றைய அடிக்கணக்கைப் பார்த்து, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒருநாள் செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. புதுப் போன் வாங்கினார். வாட்ச் அதோடு சேர மாட்டேன் என்றது. செத்துப்போன போனையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏம்ப்பா, ஒன்றரை வருஷமா என் கையிலதான் கிடக்கு. தினம் என் நாடியப் பிடிச்சுப் பாக்குது. அதுக்கு என்னைத் தெரியலையா?" என்று கேட்டார். இத்தனை படித்த எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

பதில் தேடிப் போனால் 1983-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஜப்பானின் செய்கோ கம்பெனி 'டேட்டா 2000' என்றொரு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. 2000 எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். மணிக்கட்டில் விசைப்பலகைக்கு இடம் ஏது? அதனால் தனியாக ஒன்றைச் செய்து கூடவே கொடுத்தார்கள். கடிகாரத்தை அதன்மேல் பொருத்திவிட்டுத் தட்டினால், மின்காந்தத் தூண்டல் வழியாக எழுத்துகள் உள்ளே போய்விடும். டிரான்ஸ்பார்மர் பாடத்தில் படித்தோமே, அதே சங்கதிதான். அடுத்த ஆண்டே, 1984-இல், அதே கம்பெனி ஆர்.சி. 1000 என்ற கடிகாரத்தை வெளியிட்டது. ஆப்பிள் 2, கமடோர் 64, ஐ.பி.எம். பி.சி. போன்ற கம்ப்யூட்டர்களோடு அதைக் கேபிள் போட்டு இணைக்கலாம். நினைவகம் 2 கிலோபைட். (காலையில் பெரியப்பா அனுப்பும் குட்மார்னிங் படம் ஒன்றே இதைப்போல் பல மடங்கு இருக்கும்.)

இந்த இரண்டிலும் 'யார் நீ?' என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். கேபிளைச் செருகுவது ஒரு மனிதனின் கை. எந்தக் கடிகாரம், எந்தக் கம்ப்யூட்டர் என்று முடிவு செய்வதும் அந்தக் கைதான். ஜோடி சேர்ப்பதற்கென்று தனியாக ஒரு வேலையே இல்லை.

1994-இல் டைமெக்ஸ் கம்பெனி மைக்ரோசாப்டோடு சேர்ந்து 'டேட்டாலிங்க்' கடிகாரத்தைக் கொண்டுவந்தபோது கேபிளும் போய்விட்டது. இந்தக் கடிகாரத்தின்மேல் எனக்குத் தனி மோகம் உண்டு. அதன் முகத்தில் ஒளியை உணரும் சின்னக் கண் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் கையை நீட்ட வேண்டும். திரையில் கிடைமட்டமான வெள்ளைக் கோடுகள் படபடவென்று மின்னும். போன் நம்பர்களும் அப்பாயின்ட்மென்ட்டுகளும் கடிகாரத்துக்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர்களில் எலெக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாகத் திரையை வருடிக்கொண்டே போகும் அல்லவா? கோடு எப்போது ஒளிர்கிறது, எப்போது இருள்கிறது என்பதையே பிட்டுகளாக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் செருக வேண்டாம். ஒளி காட்டும் திரை எல்லாரிடமும் ஏற்கெனவே இருந்தது. இப்படி யோசித்த மனிதர்களை நேரில் பார்த்தால் ஒரு காபி வாங்கிக் கொடுக்க ஆசை. லேப்டாப்புகளின் எல்.சி.டி. திரையில் எலெக்ட்ரான் கற்றை கிடையாது என்பதால் வித்தை பலிக்கவில்லை; அதற்குத் தனியாக ஒரு விளக்குக் கருவி விற்க வேண்டி வந்தது.

ஒளியிலும் அந்நியர் தொல்லை அதிகமில்லை. திரைக்கு நேராகக் கையை நீட்டினால்தான் வேலை நடக்கும். பக்கத்து அறைக்காரருக்குச் சுவர் குறுக்கே நிற்கும். ஆனால் அது ஒருவழிப் பேச்சு. கம்ப்யூட்டர் சொல்லும், கடிகாரம் கேட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். மைக்ரோசாப்ட் பிறகு 2004-இல் எப்.எம். ரேடியோ அலை வழியாகச் செய்தியும் வானிலையும் அனுப்பும் 'ஸ்பாட்' கடிகாரங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒருவழிதான். 2012 ஜனவரி 1-ஆம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்தினார்கள். கடிகாரங்கள் மணி மட்டும் காட்டிக்கொண்டிருந்தன.

இருவழிப் பேச்சுக்கு வழி செய்தது புளூடூத். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியின் லுண்ட் நகர ஆய்வகத்தில் 1994-இல் தொடங்கிய வேலை அது. யாப் ஹார்ட்சன் என்ற டச்சுப் பொறியாளர் அதில் முக்கியமானவர். 1998-இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து அதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்ற அரசர் பெயரைத்தான் வைத்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 சேனல்களாகப் பிரித்து, வினாடிக்கு 1600 தடவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிப் பேசும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரேடியோ அலைக்குச் சுவர் கிடையாது. என் கடிகாரம் கூப்பிட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் போனுக்கும் கேட்கும். அதற்கு எது என் போன், எது அவர் போன் என்று எப்படித் தெரியும்? கையும் கண்ணும் தாமாகச் செய்துகொண்டிருந்த அறிமுகத்தை இப்போது யாராவது உட்கார்ந்து செய்து வைக்க வேண்டும். ஜோடி சேர்ப்பது என்ற சடங்கு பிறந்தது அப்போதுதான்.

2008, 2009 வாக்கில் நம் ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். புளூடூத்தை ஆன் செய்தால் மாடி முழுவதும் இருக்கும் போன்களின் பெயர்கள் வரிசையாக வரும். 'கடன் கேட்காதே' என்றுகூட ஒன்று இருந்தது. லேப்டாப்போடு சேர்க்க நான்கு இலக்க எண் கேட்கும். நாம் எல்லாரும் 0000 அல்லது 1234 போட்டோம். ஹெட்செட்காரர்கள் தொழிற்சாலையிலேயே 0000 என்று வைத்து அனுப்பினார்கள். ரகசியம் என்றால் அவ்வளவு ரகசியம்!

யோசித்து வேறு எண் போட்டாலும் பெரிய லாபமில்லை. நான்கு இலக்கத்தில் இருப்பது மொத்தம் பத்தாயிரம் எண்கள். அறிமுகப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துகொண்டவர், பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாகெட், வூல் என்ற இருவர் 2005-இல் இதைச் செய்தே காட்டினார்கள். பழைய பென்டியம் 3 கம்ப்யூட்டரில் 0.3 வினாடிகூட ஆகவில்லை. பென்டியம் 4-இல் 0.06 வினாடி.

2007-இல் வந்த புளூடூத் 2.1 இதை மாற்றியது. 1976-இல் டிபியும் ஹெல்மேனும் வெளியிட்ட யோசனை அதற்கு அடிப்படை: ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு பேர் வெளிப்படையாகப் பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளலாம். கேட்டவர்களால் அந்தச் சாவியைக் கணக்கிட முடியாது. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. நான் பேசிக்கொண்டிருப்பது உண்மையிலேயே அவரோடுதானா, அல்லது நடுவில் ஒரு புரோக்கர் புகுந்து இரண்டு பக்கமும் நல்லவனாக நடிக்கிறானா? இதற்குக் கணிதம் மட்டும் போதாது. என்ன செய்தார்கள் தெரியுமா? திரும்பவும் மனிதனைக் கூப்பிட்டார்கள். இரண்டு கருவிகளும் தமக்குக் கிடைத்த சாவிகளிலிருந்து ஓர் ஆறு இலக்க எண்ணைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும். 'இரண்டும் ஒன்றா?' என்று கேட்கும். நடுவில் எவனாவது புகுந்திருந்தால் எண்கள் மாறிப்போகும். தற்செயலாக ஒத்துப்போக பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். நாம் எரிச்சலோடு பார்க்காமலே 'ஓகே' அழுத்துகிறோமே, அந்த ஒரு பார்வையில்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது.

இதற்குள் கடிகாரங்கள் வரத் தொடங்கிவிட்டன. 2006-இல் சோனி எரிக்சன், முள் கடிகாரத்தின் முகத்தில் சின்னத் திரை வைத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டியது. 2012-இல் பெபிள் கடிகாரத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் மூலம் சுமார் 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கு மேல் முன்பணம் கொடுத்தார்கள். ஆனால் பேட்டரி? அதற்காக 2010-இல் வந்ததுதான் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புளூடூத் 4.0. அதில் மின்சாரத்தை மிச்சம் பிடித்தவர்கள், 2007-இல் சேர்த்த அந்தச் சாவிக் கணக்கையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். பழைய தப்பு புது வேஷத்தில் திரும்ப வந்தது. 2013-இல் மைக் ரயன் என்பவர் அதை உடைத்துக் காட்டினார். 2014 டிசம்பரில் வந்த 4.2 பதிப்பில்தான் கணக்கைத் திரும்பச் சேர்த்தார்கள். இன்றைக்கும் திரையில்லாத மலிவு விலைப் பட்டைகள் பல, எண்ணே காட்டாமல் 'சேர்ந்தாச்சு' என்று சொல்லிவிடும். வாங்கும் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் வந்தது. ஜோடி சேர்க்கும்போது அதன் முகத்தில் புள்ளிகள் மேகம்போல் சுழலும். அதன்மேல் ஐபோன் கேமராவைக் காட்ட வேண்டும். பார்ப்பதற்கு அலங்காரம் மாதிரி இருக்கும். உண்மையில் அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு ரகசியத்தைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். ரேடியோவில் ஒட்டுக்கேட்பவருக்கு அது தெரியாது. 1994-இல் திரை மின்னியது, கடிகாரம் பார்த்தது. 21 ஆண்டு கழித்துக் கடிகாரம் மின்னியது, போன் பார்த்தது. அன்று ஒளியில் போனது தகவல்; இன்று போவது அறிமுகம் மட்டும்.

இனி அப்பாவின் கேள்விக்கு வரலாம். அறிமுகம் முடிந்ததும் கருவிகள் இரண்டும் ஆளுக்கொரு பிரதியாக அந்தச் சாவியை எழுதி வைத்துக்கொள்கின்றன. அடுத்த தடவை எண்ணெல்லாம் கேட்காமல் சேர்ந்துகொள்வது அதனால்தான். ஒரு பிரதி தண்ணீரில் போய்விட்டால், மற்றதை வைத்து எதுவும் செய்ய முடியாது. புதுப் போனிடம் சாவி இல்லை. வாட்சைப் பொறுத்தவரை அது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போன். கட்டியிருக்கும் கையைப் பற்றி இந்த ஏற்பாட்டில் எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. கம்பெனியே போய்விட்டால் இன்னும் மோசம். பெபிள் 2016 டிசம்பரில் மூடியது. அதன் சர்வர்கள் 2018 ஜூன் 30-இல் நின்றன. பிறகு ஆர்வலர்கள் தாங்களாகவே சேர்ந்து சர்வர் நடத்தி அந்தக் கடிகாரங்களைக் காப்பாற்றினார்கள்.

அப்பாவின் வாட்சுக்கு ஒரே வழிதான் இருந்தது: எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவது. பழைய அடிக்கணக்கு செத்த போனில் மாட்டிக்கொண்டது. முதல் நாள் அக்கவுன்ட் தொடங்கச் சொல்லிக் கேட்டபோது, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று 'ஸ்கிப்' அழுத்தியவன் நான்தான். இதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. "போனா போகட்டும், நடந்தது நடந்ததுதானே, கால் மறந்துடுமா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனில் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல அவரே எல்லாவற்றையும் அழுத்தினார். ஆறு இலக்க எண் வந்தது. "ரெண்டும் ஒண்ணான்னு பாத்துட்டு ஓகே குடுங்கப்பா" என்றேன். "இருடா, கண்ணாடி போட்டுக்கிறேன்" என்றார். பிறகு வாட்சிலிருந்து ஓர் இலக்கம், போனிலிருந்து ஓர் இலக்கம் என்று ஆறையும் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார். எனக்குத் தெரிந்து எந்தப் பொறியாளரும் இவ்வளவு ஒழுங்காக அதைச் செய்ததில்லை.