ஸ்விங் டான்ஸ் முகாமுக்கு நண்பர்களோடு போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க

லிண்டி ஹாப் என்ற ஸ்விங் நடனம், 1920-களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இளைஞர்களிடம் பிறந்தது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தளத்தில் ஆடிய சவாய் பால்ரூம்தான் (1926-1958) அதன் தாய்வீடு. இன்று இதற்காகப் பல நாடுகளில் வார இறுதி முகாம்கள் நடக்கின்றன. ஸ்வீடனின் ஹெராங் கிராமத்தில் 1982-ல் தொடங்கிய கோடை முகாம், வாரக்கணக்கில் நீளும்.

அங்கே என்ன நடக்கும்?

பகலில் வகுப்பு, இரவில் 'சோஷியல்' ஆட்டம். வகுப்பில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடி மாறும். அதனால் ஜோடி இல்லாமலும் போகலாம். யார் ஆடக் கூப்பிட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கூட வரும் எல்லாருக்கும் இடம் கிடைக்குமா?

உறுதியில்லை. ஆட்டத்தை வழிநடத்துபவர் லீடர், அதற்கு ஈடுகொடுத்து ஆடுபவர் ஃபாலோயர். ஆணோ பெண்ணோ எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பல முகாம்கள் இரண்டு எண்ணிக்கையையும் சமமாக வைக்கும். நாலு பேரும் ஒரே பக்கம் பதிவு செய்தால், இரண்டு பேருக்கு இடம் வந்து, மீதி இரண்டு பேர் வெயிட்டிங் லிஸ்ட்ல நிற்க வேண்டியிருக்கலாம்.

அப்போ என்ன செய்வது?

முதலில் பதிவு, உறுதியான பிறகே விமான டிக்கெட். முடிந்தால் லீடர்-ஃபாலோயர் ஜோடியாகப் பதிவு செய்யுங்க. லெவலைக் கூட்டிச் சொல்லாதீங்க. வகுப்பில் திணறுவது நீங்க மட்டும் இல்ல, உங்களோடு ஆடுபவரும்தான்.

விசா?

ஸ்வீடனுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடாதீங்க.