பெயரளவு வரம்பு: இந்திய அனல்மின் நிலையங்களும் பாதரசமும்

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களின் புகையில் பாதரசம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்தியாவில் முதன்முதலாக வரம்பு வந்தது 2015 டிசம்பர் 7 அன்று. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அறிவிக்கை அதை ஒரு கனமீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம், அதாவது 30 மைக்ரோகிராம், என நிர்ணயித்தது. 2004-க்கு முந்தைய அலகுகளில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவை மட்டுமே இதற்குள் வந்தன. இந்த வரம்பு எதையும் தடுப்பதில்லை என்பதும், பாதரசத்தைக் கந்தகத்தின் நிழலில் விட்டுவைத்ததே அதற்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரு எளிய கணக்கே போதும். சாம்பல் மிகுந்த நம் நிலக்கரியில் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ ஐந்தரைக் கனமீட்டர் புகை வரும். ஒரு கிலோவில் பாதரசம் 0.1 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், எந்தக் கருவியும் இல்லாமலேயே ஒரு கனமீட்டர் புகையில் சுமார் 18 மைக்ரோகிராம்தான் இருக்கும். 0.14 மில்லிகிராம் என்று கொண்டாலும் சுமார் 25-தான் வரும். வடிகட்டியே இல்லாத உலைகூட வரம்புக்குள் நிற்கிறது! பாதரசம் மிகுந்த சில படுகைகளின் நிலக்கரி மட்டுமே இதை மீறக்கூடும். சீனம் 2011-இல் வகுத்த வரம்பும் இதே 30-தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் பெரிய நிலக்கரி நிலையங்களுக்கு விதித்தது, பழையவற்றுக்கு 4 மைக்ரோகிராமுக்குள். அமெரிக்க வரம்பை இதே அலகுக்கு மாற்றினால் சுமார் ஒன்றரை.

இனி உலைக்குள் நடப்பது. எரியும்போது பாதரசம் முழுவதும் தனிம ஆவியாகிறது. புகை குளிரக் குளிர, குளோரின் கிடைத்தால் ஒரு பகுதி பாதரச குளோரைடாக மாறும். இன்னொரு பகுதி சாம்பல் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். துகளில் ஒட்டியதைத் தூசு பிடிக்கும் நிலைமின் வடிகட்டியே பிடித்துவிடும். குளோரைடு நீரில் கரைவதால், கந்தகத்தை நீக்கச் சுண்ணாம்புக் கலவை தெளிக்கும் எப்.ஜி.டி. அமைப்பில் சிக்கும். தனிம ஆவி எதிலும் சிக்காது. புகைபோக்கி வழியே வெளியேறி, மாதக்கணக்கில் காற்றில் உலவி, கண்டம் விட்டுக் கண்டம் போய் இறங்கும். இந்திய நிலக்கரியில் குளோரின் குறைவு. ஆகவே நம் புகையில் தனிம ஆவியின் பங்கு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. எப்.ஜி.டி. பொருத்தினாலே பாதரசம் அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே அடித்தளம் வலுவாக இல்லை.

அந்த அரைகுறை உதவியும் இப்போது பெரும்பாலான நிலையங்களுக்கு இல்லை. கந்தக வரம்பை நிறைவேற்ற முதலில் தந்த கெடு 2017 டிசம்பர். அது பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, பெருநகரங்களிலிருந்தும் மாசு மிகுந்த பகுதிகளிலிருந்தும் விலகி நிற்கும் நிலையங்களுக்கு, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவற்றுக்கு, எப்.ஜி.டி. கட்டாயத்திலிருந்து விலக்களித்தது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். கந்தகத்தைப் பொறுத்தவரை அது விவாதிக்கத்தக்க வாதம்தான். ஆனால் கந்தகம் குறைவு என்பதால் பாதரசமும் குறைவு என்று ஆகிவிடாது.

சிங்ரௌலி – சோன்பத்ரா வட்டாரத்தைப் பார்ப்போம். ரிஹந்த் நீர்த்தேக்கத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் நெருக்கமாக நிற்கும் இடம் அது. 2012-இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அங்கே நீரிலும் மண்ணிலும் மீனிலும் மனித இரத்தத்திலும் பாதரசத்தைக் கண்டதாக அறிவித்தது. பாதரச மின்கலம் கொண்டு காஸ்டிக் சோடா தயாரித்த தொழிற்சாலையும் அப்பகுதியில் இருந்ததால், பழி முழுவதையும் புகைபோக்கிமீது போட முடியாது. எனினும் நீரில் இறங்கிய பாதரசம் எங்கிருந்து வந்தாலும் அதன் வழி ஒன்றே: சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு அது செறிந்து ஏறும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை அது முதலில் தாக்கும். அணைக்கரையில் மீன் பிடித்து உண்ணும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து விலக வழியில்லை.

செலவு என்ற எதிர்வாதத்துக்கு அமெரிக்க அனுபவம் நல்ல பாடம். அங்கே 2011-இல் முடிவான விதிக்கு ஆண்டுக்கு 960 கோடி டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டார்கள். பாதரசம் குறைவதால் மட்டும் வரும் பயனோ 40 முதல் 60 லட்சம் டாலர். பொழுதுபோக்காக நன்னீர் மீன் பிடிப்போரின் குழந்தைகளுக்கு ஏற்படும் அறிவுத்திறன் இழப்பை மட்டும் பணமாக்கியதால் வந்த எண் அது. இதய நோயும் கடல் மீனும் கணக்கில் ஏறவில்லை. செலவைத் தொடக்கத்திலேயே பரிசீலித்திருக்க வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும் விதி நடைமுறையில் தொடர்ந்தது. 2021-இல் அந்நாட்டு மின் நிலையங்களின் பாதரச உமிழ்வு, விதிக்கு முந்தைய அளவைவிட சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தது.

பாதரசத்துக்கென்றே உள்ள வழிமுறைகள் எப்.ஜி.டி.யோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த முதலீடு கேட்பவை. நிலக்கரியில் சிறிதளவு கால்சியம் புரோமைடு சேர்த்தால், இல்லாத குளோரினின் வேலையைப் புரோமின் செய்யும். புகையில் கிளர்வூட்டப்பட்ட கரித்தூளைத் தூவினால் ஆவி அதில் ஒட்டி, வடிகட்டியில் தங்கிவிடும். கழிவுநீரில் புரோமைடு கலப்பதையும், பாதரசம் ஏறிய சாம்பல் எங்கே போகிறது என்பதையும் கூடவே கண்காணிக்க வேண்டியிருக்கும். அந்தச் சாம்பலையே சிமென்ட் சூளைக்குள் மூலப்பொருளாகப் போட்டால் பிடித்த பாதரசம் மறுபடி ஆவியாகிவிடும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 ஜூனில் ஏற்புறுதி செய்தது; அவ்வாண்டு செப்டம்பரில் அது நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இயங்கிவரும் நிலையங்களின் பாதரச உமிழ்வைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கைகளை அதிலிருந்து பத்தாண்டுகளுக்குள் எடுத்தாக வேண்டும். பல மாசுகளை ஒருசேரக் குறைக்கும் திட்டத்தையும் அதற்கு வழியாக உடன்படிக்கை ஏற்கிறது. எப்.ஜி.டி. விலக்குக்குப் பின் அந்த வழியைக் காட்டித் தப்பிக்க நமக்கு இடமில்லை. 30 என்ற எண்ணை 5-க்குக் கீழே இறக்கி, அலகின் வயதும் அளவும் பாராமல் எல்லாவற்றுக்கும் பொருத்தி, அளவீடுகளை மக்கள் பார்க்க வெளியிடும் புதிய அறிவிக்கை ஒன்றை அமைச்சகம் தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். கெடு 2028 செப்டம்பரில் முடிகிறது.