பட்டை வந்த வழி

திருவனந்தபுரத்தின் வலியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிழக்குக் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே 1956-இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கிய சி.வி.என். களரி இருக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் மண் களம். அதில் பயில வருகிறவர் நீளமான துணியை இடுப்பில் பல சுற்றுச் சுற்றி இறுக்கிக் கச்சை கட்டிக்கொள்கிறார். அடிவயிற்றையும் முதுகையும் பிடித்து நிறுத்தும் துணி அது. நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இருபது வருடம் பழகியவருக்கும் அதே கச்சைதான். யார் மூத்தவர் என்பது ஆசானுக்கும் கூடப் பயில்கிறவர்களுக்கும் தெரியும். துணி அதைச் சொல்வதில்லை.

கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளையின் இடுப்புத் துணியோ முதல் பார்வையிலேயே அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று காட்டிவிடும். எல்லோரும் ஏங்கும் கறுப்புப் பட்டை பிறந்தது கராத்தேயில் அல்ல, ஜூடோவில். ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். மறு வருடமே இரண்டு மாணவர்களுக்கு ‘டான்’ என்ற தகுதியைத் தந்தார். இன்னும் சில வருடங்களில் அந்தத் தகுதி பெற்றவர்கள் கறுப்பு இடைத்துணி கட்டத் தொடங்கினார்கள். ஓகினாவாவிலிருந்து கராத்தேயைத் தலைநகருக்குக் கொண்டுவந்த ஃபுனகோஷி, ஜூடோவின் உடையையும் தகுதி முறையையும் எடுத்துக்கொண்டு, 1924-இல் தம் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார்.

அந்த ஃபுனகோஷியிடம் பயின்றவர்களில் ஒருவர் கொரியாவில் 1923-இல் பிறந்த சோய் யோங்-உய். உலகம் அவரை மாஸ் ஓயாமா என்று அறியும். அடியைத் தொடாமல் நிறுத்திப் புள்ளி எண்ணும் போட்டி அவருக்கு ஒப்பவில்லை. 1964-இல் சர்வதேச அமைப்பாக அவர் நிறுவிய கியோகுஷின்தான் ஃபுல் காண்டாக்ட் கராத்தேயின் தாய்வீடு. கையுறை கிடையாது. முகத்தில் குத்தக்கூடாது, ஆனால் தலைக்கு உதை உண்டு, உடம்பில் விழும் அடி முழு அடி. கறுப்புப் பட்டைக்கான தேர்வில் அடுத்தடுத்துப் பத்துப் பேரோடு மோத வேண்டும். மேலே போகப் போக ஆள் எண்ணிக்கை கூடும்.

இந்த அமைப்பின் பட்டையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தடித்த பருத்தி, நெடுக வரிசை வரிசையாகத் தையல். ஒரு முனையில் அமைப்பின் பெயர், மறுமுனையில் உடையவரின் பெயர், இரண்டும் ஜப்பானிய எழுத்தில் தங்க நூலால். ஒவ்வொரு டானுக்கும் ஒரு தங்கக் கோடு. முதலிரண்டு கோடுகளில் ‘செம்பாய்’, மூன்றில் ‘சென்செய்’, ஐந்தில் ‘ஷிஹான்’. வருடக்கணக்காக முடிச்சுப் போட்டு அவிழ்த்ததில் மேல்துணி தேய்ந்து உள்ளேயுள்ள வெள்ளைப் பருத்தி தெரிய ஆரம்பிக்கும். மூத்த ஆசிரியர்கள் பலர் புதுப்பட்டை வாங்கும் வசதி இருந்தும் தேய்ந்ததையே கட்டுவார்கள்.

பட்டையைக் கடல் கடத்திக் கொண்டுபோனவர்கள் ஓயாமாவின் நேரடி மாணவர்கள். ஹவாயில் பாபி லோ 1957-இல் முதல் வெளிநாட்டுக் கிளையைத் தொடங்கினார். 2011-இல் இறக்கும் வரை அந்தத் தீவிலேயே கற்றுக்கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஸ்டீவ் ஆர்னீல் 1965-இல் நூறு பேரோடு தொடர்ந்து மோதும் சோதனையை முடித்து, அதே வருடம் பிரிட்டனுக்குப் போய் அங்கே கியோகுஷினை நிலைநாட்டினார். இன்றும் கராத்தே உலகம் அவரை அந்த நூறு மோதல்களை வைத்தே பேசுகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் வந்த ஐம்பத்தாறு வருடங்கள்: 2021-இல் இறக்கும் வரை பயிற்சிக்கூடத்தை விட்டு விலகாத வாழ்க்கை.

கென்ஜி குரோசாகியின் கதை இன்னொரு வகை. 1964-இல் பாங்காக்கில் தாய் வீரர்களோடு மோதப் போன கியோகுஷின்காரர் மூவரில் இருவர் வென்றார்கள். ஆசிரியர் நிலையில் இருந்த குரோசாகி தோற்றார். தோல்வியை மூடி மறைக்காமல், தன்னை வீழ்த்திய கலையையே படித்தார். அவர் உருவாக்கிய தோஷியோ ஃபுஜிவாரா 1978-இல் பாங்காக்கின் ராஜதாம்னெர்ன் அரங்கப் பட்டத்தை வென்றார்; அதற்கு முன் தாய்லாந்துக்காரர் அல்லாத யாரும் அதைத் தொட்டதில்லை. ஓர் ஆசிரியரின் தொழில் வாழ்க்கைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை. அதை எந்தத் தங்கக் கோட்டாலும் தைத்துக் காட்ட முடியாது.

மூத்தவர்களில் பலர் அமைப்பில் நிலைக்கவில்லை. பாங்காக்கில் வென்ற தடாஷி நகமுரா 1976-இல் நியூயார்க்கில் தனிப் பள்ளி கண்டார். ஓயாமாவின் இன்னொரு மாணவர் அஷிஹாரா 1980-இல் பிரிந்தார். ஆர்னீலும் 1991-இல் வெளியேறித் தனிக் கூட்டமைப்பு அமைத்தார். 1994-இல் ஓயாமா இறந்ததும் வாரிசுச் சண்டை நீதிமன்றம் வரை போய், ஒரே பெயரில் பல அமைப்புகள் முளைத்தன. பட்டையின் நிறம் மாறவில்லை. சான்றிதழில் கையெழுத்திடும் தலைவர் மட்டும் ஆளுக்கொருவர் ஆனார்.

இந்தியாவில் புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ (1973) கிளப்பிய அலையில் கராத்தே பள்ளிகள் பெருகின. கியோகுஷினைக் கொல்கத்தாவில் வளர்த்தவர் சிவாஜி கங்குலி. தமிழ்நாட்டில் ‘ஷிஹான்’ என்றால் மதுரைக்காரர் ஹுசைனிதான்; ‘புன்னகை மன்னன்’ படத்தில் நடித்த அவர் 2025 மார்ச்சில் இறந்தார். அவர் கியோகுஷின்காரர் அல்லர். ஆனாலும் ஒரு தகுதிப் பெயர் ஆளின் பெயராகவே ஊரில் தங்கிவிட்டதற்கு அவரே சாட்சி.

தகுதிப் பெயருக்கு அப்பால் ஒரு பயிற்சிக்கூடம் எதையெல்லாம் வரையறுக்க வேண்டும் என்று யோசிக்கும்போது வலியசாலையின் பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடம் இங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள மகாதேவர் கோயில் அந்தப் பெயரை இன்றும் சுமக்கிறது. அந்தச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்தின் பார்த்திவபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலை அமைத்தான். அதற்கான கி.பி. 866 செப்பேடு, மாணவர் எத்தனை பேர் என்பதோடு நிற்கவில்லை. சபைக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது, சூதாடக்கூடாது என்று நடத்தையையும் விதித்தது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குமரி, திருவனந்தபுரம் பக்கத்து அடிமுறை ஆசான்களுக்கும் களரி குருக்கள்மாருக்கும், நடத்தையைக் காப்பதோடு இன்னொரு கடமையும் உண்டு. வயது ஏற ஏற அடிக்கும் கை தடவும் கையாகும். வர்மம் தெரிந்தவர் எலும்பு கட்டுகிறார், எண்ணெய் போட்டு உழிகிறார். சி.வி.என். களரியிலும் சிகிச்சைக்கென்று ஆட்கள் வருகிறார்கள். முழு அடி விழும் கலைக்கு இந்த அறிவு இன்னும் அதிகமாகத் தேவை. பட்டை நம் ஊருக்கு வந்தபோது அந்த அறிவு கூடவே வரவில்லை. இங்கே ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்துத் தைத்துக்கொள்ள யாரும் முயன்றதாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

அதனால் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் மாஸ்டரின் பட்டையில் எத்தனை கோடு என்று எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டாம். அந்தக் கோட்டைக் கொடுத்தது யார், எத்தனை பேரோடு மோதிப் பெற்றார் என்று கேளுங்கள். பத்து வருடம் முன்பு அவரிடம் சேர்ந்தவர்களில் யார் இன்னும் வருகிறார்கள் என்று கேளுங்கள். விலா எலும்பில் உதை வாங்கிய பிள்ளைக்கு அன்று சாயங்காலம் அவர் என்ன செய்வார் என்றும் கேளுங்கள்.